மெடிட்டரேனியன் க்ரூஸ்: கேங்கோட பட்ஜெட்ட யாரு முடிவு பண்றது?

நண்பர்களோட மெடிட்டரேனியன் க்ரூஸ் போறதுக்கு நான் எதிரி இல்ல. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பைனான்ஸ் சேனல் நடத்துறவன் வாயத் தொறந்தா "போகாத, அந்தப் பைசாவ எஸ்ஐபி-ல போடு"ன்னுதான் சொல்லுவான்னு ஒரு பேரு இருக்கு. ரெண்டரை லட்சத்த 12% வளர்ச்சியில 25 வருஷம் விட்டா 42 லட்சம் ஆகும்னு கால்குலேட்டர் படத்தப் போட்டு பயமுறுத்துற வீடியோ யூடியூப்ல நெறைய கிடக்கு. கணக்கு சரிதான். ஆனா 12%-ன்னு யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கல. அதோட, அதே கணக்குப்படி வடசேரியில ராத்திரி நூறு ரூபாய்க்குச் சாப்பிடுற புரோட்டாவும் 25 வருஷத்துல 1,700 ரூபா ஆகுது. அதுக்காக யாரும் சாப்பிடாம இருக்கப் போறதில்ல.

என்னோட பிரச்சனை வேற. கேங்கா போற ட்ரிப்புல, எவ்வளவு செலவு பண்ணலாம்னு முடிவு பண்றது யாரு? நான் பாத்த வரைக்கும் கேங்குலயே அதிகமா சம்பளம் வாங்குறவன்தான். அவன் திட்டம் போட்டு பண்றதில்ல. வாட்ஸ்அப் குரூப்புல ஒரு லிங்க் போடுவான், "ஏழு நைட்டு, பார்சிலோனா, ரோம், எல்லாம் சேத்து 84,000 தான் மக்கா"ன்னு எழுதுவான், மூணு பேரு நெருப்பு எமோஜி போடுவாங்க. நாலாவது ஆளு ஒரு கட்டைவிரல் போடுவான். அந்தக் கட்டைவிரலுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கிறதப் பத்திதான் இந்தக் கட்டுரை.

ஒரு கற்பனை கேங்க வச்சுக்குவோம். கோணத்துல ஒண்ணாப் படிச்ச அஞ்சு பேரு. ஒருத்தன் பெங்களூர்ல ஐடி, கையில மாசம் 1,40,000. ரெண்டு பேரு திருவனந்தபுரம் டெக்னோபார்க், ஆளுக்கு 60,000 சொச்சம். ஒருத்தன் நாகர்கோவில்ல பேங்க் வேலை, 45,000. ஒருத்தன் ஊர்லயே ஒரு தனியார் ஸ்கூல்ல வாத்தியாரு, 28,000. உங்க கேங்குலயும் இந்த அஞ்சு பேரும் வேற வேற பேருல இருப்பாங்க.

ட்ரிப்புக்கு ஆளுக்கு ரெண்டரை லட்சம் ஆகுதுன்னு வைங்க. பெங்களூர்காரனுக்கு அது ரெண்டு மாச சம்பளம்கூட இல்ல. வாத்தியாருக்கு ஒம்பது மாச சம்பளம். அவன் வீட்டுல தங்கச்சி கல்யாணம் நிக்குதுன்னா, அந்த ஒம்பது மாசங்கிறது நகைக்குப் போக வேண்டிய பைசா. ரெண்டு பேரும் போறது ஒரே கப்பல்தான், ஆனா விலை ஒண்ணு இல்ல.

84,000 எப்படி ரெண்டரை லட்சம் ஆகுது?

வாங்க, கணக்குப் பாப்போம். இது நான் போட்ட உத்தேசக் கணக்கு. நீங்க புக் பண்ற மாசத்தப் பொறுத்து கூடக்குறைய வரும். யூரோவ 105 ரூபான்னு வச்சிருக்கேன்.

மேற்கு மெடிட்டரேனியன்ல ஏழு நைட்டு, ஜன்னல் இல்லாத உள் கேபின், ரெண்டு பேரு பகிர்ந்துக்கிட்டா ஆளுக்கு 800 யூரோன்னு எடுத்துக்குவோம். அதுதான் 84,000. இதுக்கு மேல கப்பல்ல தினசரி சர்வீஸ் சார்ஜ்னு ஒண்ணு உண்டு. எம்எஸ்சி, கோஸ்டா மாதிரி ஐரோப்பிய கம்பெனிகள்ல ஆளுக்கு ஒரு நைட்டுக்கு 10 யூரோவுக்கு மேல போகும், அமெரிக்க கம்பெனிகள்ல இன்னும் அதிகம். 12 யூரோன்னு போட்டா ஏழு நைட்டுக்கு 8,800 ரூபா. இது டிக்கெட்டுல சேராம கடைசி நாள் பில்லுல வர்ற ஐட்டம். சில பேரு ரிசப்ஷன்ல போயி சண்டை போட்டு இத எடுக்கச் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. உங்க கேபினத் துடைக்கிறவரும் சாப்பாடு வெளம்புறவரும் பெரும்பாலும் நம்ம மாதிரி நாட்டுல இருந்து வந்தவங்கதான். நம்ம மாவட்டத்துலயே கேட்டரிங் முடிச்சிட்டு கப்பல் வேலைக்குப் போன பசங்க எத்தன பேரு!

அடுத்தது விசா. ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன்ல 80 யூரோவுல இருந்து 90 ஆச்சு. அதோட விண்ணப்ப மையத்தோட தனிக் கட்டணம், கைரேகை கொடுக்க சென்னைக்கோ கொச்சிக்கோ போயிட்டு வர்ற செலவு. நாகர்கோவில்ல இருந்து சென்னை 700 கிலோமீட்டர். வந்தே பாரத் வந்ததுல நேரம்தான் மிச்சம், டிக்கெட் விலை இல்ல. எல்லாம் சேத்து 15,000 வைங்க. இன்சூரன்ஸ் 2,000. திருவனந்தபுரத்துல இருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது, துபாய், தோஹா வழியா மாறிப் போகணும், போக வர 65,000. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி நாளே போயி தங்கிடணும். விமானம் லேட் ஆனா கப்பல் உங்களுக்காக நிக்காது. முன்னால ஒரு நைட்டு, இறங்கினப்புறம் ஒரு நைட்டு, ரூம பகிர்ந்துக்கிட்டா 12,600. துறைமுகத்துல இறங்கி ஊரு பாக்குற செலவு ஊருக்கு 40 யூரோன்னு அஞ்சு ஊருக்கு 21,000. கப்பல்ல குடிக்கிறது, வைஃபை, இத்யாதி ஒரு 10,500. பெட்டி, ஸ்வெட்டர், ஷூ 10,000.

கூட்டிப் பாருங்க, ஏறத்தாழ 2,29,000 வருது. கைவசம் கொஞ்சம் வச்சுக்கிட்டா ரெண்டரை லட்சம். குரூப்புல வந்த 84,000 இதுல மூணுல ஒரு பங்குதான்.

ஊரு பாக்குற செலவ ஏன் 40 யூரோன்னு தாராளமா போட்டேன்னு கேப்பீங்க. விளம்பரத்துல "ரோம்"னு போட்டிருப்பான். கப்பல் நிக்கிற இடம் சிவித்தாவேக்கியா, அங்கிருந்து ரோம் நகரம் 70, 80 கிலோமீட்டர். நாகர்கோவில்னு டிக்கெட் கொடுத்துட்டு திருநெல்வேலியில இறக்கிவிட்ட மாதிரி. "ஃப்ளோரன்ஸ்"னா லிவோர்னோ துறைமுகம். வெனிஸ் இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல்கள அந்த ஊரு கால்வாய்க்குள்ள விடுறதில்ல. அதனால "வெனிஸ்"னு போட்ட பயணம் சில நேரம் ரவென்னாவுலயோ ட்ரியெஸ்தேயிலயோ தொடங்கும். துறைமுகத்துல இருந்து ஊருக்குப் போற ரயிலு, பஸ்ஸு எல்லாம் உங்க செலவுதான். கப்பல்காரன்கிட்டயே டூர் எடுத்தா விலை இன்னும் ஏறும். ஆனா அவன் டூர் லேட் ஆச்சுன்னா கப்பல் காத்து நிக்கும், நீங்களா போயி லேட் ஆனா நிக்காது. அந்த வித்தியாசத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கு.

கிரீஸ் பக்கம் போறவங்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூலையில இருந்து சாண்டோரினி, மிக்கோனோஸ்ல இறங்குற க்ரூஸ் பயணிக்கு சீசன் மாசங்கள்ல ஆளுக்கு 20 யூரோ வரி. பார்சிலோனாவும் க்ரூஸ் டெர்மினல்கள ஏழுல இருந்து அஞ்சா குறைக்கிறதா 2025-ல அறிவிச்சிருக்கு. அந்த ஊர்க்காரங்களுக்கு நம்ம கூட்டம் அலுத்துப் போச்சு. கன்னியாகுமரியில சீசன் நேரத்துல நம்ம முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சா அவங்கள குத்தம் சொல்ல முடியல.

வரி விஷயத்துல கேங்க் எங்க மாட்டுது?

இந்தப் பகுதிய கொஞ்சம் நிதானமா படிங்க. சம்பளக்காரங்களுக்கு இதுல நேரடியா பைசா இருக்கு.

ஏஜென்ட் கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா ஜிஎஸ்டி போக டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து 2026 மார்ச் வரைக்கும், ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5%, அதுக்கு மேல உள்ள தொகைக்கு 20%-ன்னு இருந்துச்சு. 2026 ஏப்ரல்ல இருந்து தொகை எவ்வளவா இருந்தாலும் 2%. (பட்ஜெட்டுக்கு பட்ஜெட் கை வைக்கிற இடம் இது. புக் பண்றப்போ அன்னைக்கு உள்ள ரேட்டப் பாத்துக்கோங்க.) கேங்குல பொதுவா என்ன நடக்கும்? "எல்லாருக்கும் நானே போட்டுடுறேன், அப்புறம் ஜிபே பண்ணுங்க"ன்னு ஒருத்தன் முன்னால வருவான். நல்ல மனசு. ஆனா மொத்தமும் அவனோட பான் நம்பர்ல ஏறும். ஆளுக்கு 2.2 லட்சம்னா அஞ்சு பேருக்கு 11 லட்சம். 2%-ன்னா 22,000 ரூபா டிசிஎஸ் அவன் தலையில. தனித்தனியா போட்டிருந்தா ஆளுக்கு 4,400-த்தோட முடிஞ்சிருக்கும். அதோட அந்த 22,000-த்துக்கும் கிரெடிட் அவன் கணக்குல மட்டும்தான் வரும். அப்போ மத்தவங்க அவனுக்கு எவ்வளவு கொடுக்கணும், ரீஃபண்ட் வந்தா அவன் யாருக்கு எவ்வளவு திருப்பணும்? இங்க ஆரம்பிக்கிற மனக்கசப்பு வருஷக்கணக்கா நீளும். தனித்தனி பில், தனித்தனி பான். இதுல தாட்சண்யமே வேண்டாம்.

டிசிஎஸ் செலவு இல்ல, முன்கூட்டி கட்டுற வரி. ஐடிஆர் போடும்போது கழிச்சுக்கலாம். அதுக்காக அடுத்த ஜூலை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்ல. 2024 அக்டோபர்ல இதுக்கு ஒரு படிவம் வந்துச்சு, அப்போ அதுக்கு 12பிஏஏ-ன்னு பேரு. உங்க கிட்ட பிடிச்ச டிசிஎஸ் விவரத்த அதுல எழுதி ஆபீஸ்ல கொடுத்தா, மாசச் சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ஸ அந்த அளவுக்குக் குறைச்சுக்குவாங்க. நிறைய எச்ஆர் இத தானா சொல்றதில்ல, நீங்கதான் கேக்கணும். ஆனா நம்ம வாத்தியாருக்கு ஒரு சிக்கல் இருக்கு. 28,000 சம்பளத்துக்கு வருமான வரியே வராது, குறைக்க டிடிஎஸ்ஸும் இல்ல. அவன் ஐடிஆர் போட்டு ரீஃபண்ட் வாங்குற வரைக்கும் அந்த 4,400 மாட்டிக்கிட்டுதான் கிடக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வரி வராட்டியும் ஐடிஆர் போட்டே ஆகணுங்கிறதும் சட்டம். ஒரே டிசிஎஸ்தான், அதிக சம்பளக்காரனுக்கு அது மாசச் சம்பளத்துல சத்தமில்லாம கழியுது, குறைஞ்ச சம்பளக்காரனுக்கு கையில இருந்து போகுது.

"எல்டிஏ கிளெய்ம் பண்ணலாம்ல?" முடியாது. எல்டிஏ சலுகை இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். 2022 நவம்பர்ல ஸ்டேட் பேங்க் வழக்குல உச்ச நீதிமன்றமும் இத தெளிவா சொல்லியாச்சு. புது வரி முறையில இருந்தா எல்டிஏ-ங்கிற பேச்சே கிடையாது.

கடனா, சேமிப்பா?

பர்சனல் லோன் எடுத்து ட்ரிப் போறதுக்கு என்னோட பதில் எப்பவும் "வேண்டாம்"தான். இதுல நான் பிடிவாதக்காரன். ரெண்டரை லட்சம், 14% வட்டி, மூணு வருஷம்: மாசம் 8,540 இஎம்ஐ, மொத்தம் மூணு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல, வட்டி மட்டும் 57,500. ஏழு நாள் பாத்த கடலுக்கு 36 மாசம் கட்டணும். வாத்தியாரோட சம்பளத்துல 8,540-ங்கிறது 30%. அந்த மூணு வருஷத்துல அவனுக்கு கல்யாணம் நிச்சயம் ஆகலாம், அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ண வேண்டி வரலாம், வேலை மாறலாம். அப்போ ரெண்டாவது லோன் வரும். 14%-க்கு அது கிடைக்காது.

அதே தொகைய ரெண்டு வருஷம் ஆர்டி-ல சேத்தா, 6.5% வட்டிக்கு மாசம் 9,750 போட்டாப் போதும். கைல இருந்து போறது 2,34,000. லோனுக்கும் இதுக்கும் 73,000 ரூபா வித்தியாசம். ஆனா ஒண்ணு சொல்லாம விட்டா நான் நேர்மையா இல்லாத ஆளு ஆயிடுவேன்: ரெண்டு வருஷத்துல யூரோ சும்மா இருக்காது. 2025 ஜனவரியில 90 ரூபாய்க்குக் கீழ இருந்த யூரோ வருஷக் கடைசியில 100-ஐத் தாண்டியாச்சு. 800 யூரோ டிக்கெட்டு கப்பல்காரன் விலைய ஏத்தாமலே நமக்கு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல கூடிடுச்சு. அதனால ரெண்டரை லட்சம் இலக்குன்னா, 2.8 வரைக்கும் போறதுக்கு மனசத் தயார் பண்ணிக்கோங்க. ஆர்டிக்குப் பதிலா ஈக்விட்டி ஃபண்ட்ல போட்டா சீக்கிரம் சேந்துடுமேன்னு நினைக்காதீங்க. ரெண்டு வருஷம் அதுக்குக் காணாது. ட்ரிப் தேதிக்கு மூணு மாசம் முன்னாடி மார்க்கெட் 20% விழுந்தா கப்பல் உங்களுக்காக தள்ளிப் போகாது.

சீட்டு போடலாமான்னு நம்ம ஊர்ல கட்டாயம் கேப்பாங்க. பதிவு பண்ணின சீட்டுன்னா சரி, ஃபோர்மேன் கமிஷன் 7% வரைக்கும் எடுக்கலாம்னு 2019-ல சட்டத்தத் திருத்தியிருக்காங்க, அதையும் கணக்குல சேத்துக்கோங்க. கேங்குக்குள்ளயே பேப்பர் இல்லாம சீட்டு போட்டு, முதல் ஆளு எடுத்துட்டுப் போற ஏற்பாடு மட்டும் வேண்டாம்.

ஷெங்கன் விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுக்கணும். விண்ணப்பிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கணக்குல திடீர்னு மூணு லட்சம் வந்து உக்காந்திருந்தா, எங்கிருந்து வந்துச்சுன்னு சந்தேகம் வரும். மாசாமாசம் ஏறி வந்த சேமிப்புதான் பாக்க அழகா இருக்கும். விசா தனித்தனி ஆளுக்குத்தான், கேங்குக்கு இல்ல. நாலு பேருக்குக் கிடைச்சு ஒருத்தருக்கு மறுக்கப்படலாம், கட்டின ஃபீஸ் திரும்ப வராது. கப்பல் நடுவுல துருக்கி, துனிசியா மாதிரி ஷெங்கன் இல்லாத நாட்டுக்குப் போயிட்டு திரும்பி வருதுன்னா மல்ட்டிபிள் என்ட்ரி விசா வேணும். சிங்கிள் என்ட்ரிய வச்சுக்கிட்டு கிளம்பினா திரும்ப உள்ள வர முடியாது. புக் பண்ற அன்னைக்கே ரூட்ட ஒரு தடவ மேப்புல பாத்துடுங்க.

க்ரூஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயம்

இவ்வளவு சொன்னப்புறம், சம்பளம் சமமில்லாத கேங்குக்கு ஐரோப்பாவுல க்ரூஸ்தான் நல்லதுன்னு நான் சொன்னா ஆச்சரியமா இருக்கும். தரை வழியா பத்து நாள் சுத்தினா ஒவ்வொரு நாளும் எந்த ஹோட்டல், எந்தச் சாப்பாடு, டாக்ஸியா மெட்ரோவான்னு முடிவு எடுக்கணும். ஒவ்வொரு முடிவுலயும் பைசா அதிகமா உள்ளவன் விருப்பம்தான் ஜெயிக்கும், இல்லன்னா மத்தவன் "நான் வரல, தலைவலி"ன்னு ரூம்ல இருப்பான்.

கப்பல்ல அப்படி இல்ல. பெங்களூர்காரன் பால்கனி கேபின் எடுக்கட்டும். மத்தவங்க உள் கேபின் எடுக்கட்டும். சாப்பாட்டு ஹால் ஒண்ணு, நீச்சல் குளம் ஒண்ணு, ராத்திரி ஷோ ஒண்ணு, காலையில மேல் டெக்குல நின்னு பாக்குற நேப்பிள்ஸும் ஒண்ணுதான். கேபினுக்குள்ள தூங்குறதத் தவிர வேற வேலை இல்ல. அதோட மூணாவது, நாலாவது படுக்கைக்கு கப்பல்காரங்க பொதுவா குறைஞ்ச விலைதான் போடுவாங்க. அஞ்சு பேருன்னா 2+2+1 போட்டீங்கன்னா அந்த ஒத்த ஆளு கிட்டத்தட்ட ரெண்டு பேரு டிக்கெட் கட்ட வேண்டி வரும். 3+2 போட்டா மொத்தச் செலவே இறங்கும். அந்த மூணாவது படுக்கைய வாத்தியாருக்குக் கொடுங்க. மேல் பெர்த்துதான், சேரன் எக்ஸ்பிரஸ்ல படுத்த ஆளுக்கு அது ஒரு விஷயமா? இப்படி அவன் செலவ ரெண்டு லட்சத்துக்குப் பக்கத்துல கொண்டு வரலாம், யாரும் யாருக்கும் தானம் பண்ணாமலே.

"அவன் பங்க நாங்க பாத்துக்குறோம் மக்கா"ங்கிற பேச்சுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு டீக்கு, ஒரு சினிமாவுக்கு சரி. ஒரு லட்ச ரூபாய்க்கு அது சரியா வராது. வாங்கினவன் அதுக்கப்புறம் அந்தக் கேங்குல சத்தமா ஒரு கருத்து சொல்ல மாட்டான். கொடுத்தவன் பெருந்தன்மையாத்தான் இருப்பான், ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு அவன் கல்யாணத்துக்கு இவன் ஒரு நாள் லேட்டா வந்தா அது வேற மாதிரி தெரியும்.

அதே காரணத்துக்காக பொதுப் பர்ஸும் வேண்டாம். "எல்லாரும் ஆளுக்கு 300 யூரோ போட்டு பூல் பண்ணுவோம்"னு ஆரம்பிச்சா, குடிக்காதவன் குடிக்கிறவனோட ட்ரிங்க்ஸ் பேக்கேஜுக்கும் சேத்துக் கட்டுவான். கப்பல்ல ஒவ்வொருத்தருக்கும் தனி கார்டு, தனி பில். அத அப்படியே விட்டுடுங்க. டாக்ஸி, ரூம் வாடகை மட்டும் பகிர்ந்துக்கிட்டா போதும்.

ஐரோப்பாவே இப்போ எட்டாதுன்னா கப்பல் பயணமே இல்லன்னு அர்த்தம் இல்ல. கோர்டீலியா க்ரூஸ் 2022 ஜூன்ல சென்னையில இருந்து பயணம் ஆரம்பிச்சது. முதல் மாசமே, கப்பல்ல கேசினோ இருக்குன்னு பாண்டிச்சேரியில அனுமதி கிடைக்காம திரும்பின கதையும் உண்டு. 2023 ஜூன்ல சென்னையில இருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு. கப்பல் பழசு, 1990-ல கட்டினது. மெடிட்டரேனியன்ல ஓடுற புது ராட்சசக் கப்பல்களோட ஒப்பிட்டா ஏமாந்து போவீங்க. ஆனா நமக்குக் கப்பல் ஒத்து வருமா, வாந்தி வருமா, நாலு நாள் கடலப் பாத்துக்கிட்டே இருந்தா போரடிக்குமாங்கிறதக் கண்டுபிடிக்க இதவிட மலிவான சோதனை இல்ல. மும்பை, கொச்சியில இருந்தும் இந்தக் கம்பெனி பயணம் விட்டிருக்கு. எந்த சீசன்ல எந்தத் துறைமுகம்னு மாறிக்கிட்டே இருக்கும், பாத்துட்டு புக் பண்ணுங்க.

வீட்டுல கப்பல்னு சொன்னதும் அம்மா முகம் மாறும், அது நம்ம மாவட்டத்துக்கே உள்ளது. 2017 நவம்பர் கடைசியில ஓகி அடிச்சப்போ தூத்தூர், வள்ளவிளை, நீரோடி வீடுகள்ல நடந்தத கேட்டு வளந்த ஊரு இது. பெரிய கப்பல் வேற, விசைப்படகு வேறன்னு வாதாடாதீங்க. 2012-ல இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா கவுந்து 32 பேரு செத்தது அவங்களுக்கும் டிவியில தெரிஞ்சதுதான். அதுக்குப் பதிலா இன்சூரன்ஸ் பேப்பரக் காட்டுங்க. ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர் கட்டாயம். ஆனா கட்டாயத்துக்குன்னு மலிவு பாலிசி எடுக்காம, க்ரூஸ் பயணத்துக்குப் பொருந்துமா, ட்ரிப் கேன்சல் ஆனா என்ன கொடுப்பான், கப்பல் டாக்டர் பில்லுக்குக் கொடுப்பானான்னு மூணு கேள்வி கேட்டு எடுங்க. கப்பல்ல டாக்டரப் பாத்தா இலவசம் இல்ல. கேன்சலேஷன் முக்கியம், ஏன்னா கிளம்புற தேதி நெருங்க நெருங்க கப்பல்காரன் பிடிக்கிற தொகை ஏறும், கடைசி வாரங்கள்ல முழுசும் போயிடும். கேபின் பார்ட்னர் கேன்சல் பண்ணினா உங்க விலையும் மாறலாம்.

இப்போ நடைமுறைக்கு வருவோம். லிங்க குரூப்புல போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் தனியா ஃபோன் பண்ணுங்க. "இந்த ட்ரிப்புக்கு கடன் வாங்காம, வீட்டுப் பொறுப்புல கை வைக்காம, உன்னால எவ்வளவு முடியும்? எப்போ முடியும்?" இந்த ரெண்டு கேள்வி போதும். அஞ்சு பதில்ல குறைஞ்ச தொகையும் தள்ளிப் போற தேதியும் எதுவோ, அதுதான் கேங்கோட பட்ஜெட், அதுதான் கேங்கோட தேதி. அந்தத் தொகைக்குள்ள மெடிட்டரேனியன் வரலன்னா இலங்கை போங்க, இல்லன்னா 2028 வரைக்கும் ஆளுக்கு ஒரு ஆர்டி போட்டுக் காத்திருங்க. ஏப்ரல், மே, அக்டோபர் மாசங்கள்ல டிக்கெட்டும் விமானமும் ஜூலை, ஆகஸ்ட்டவிட குறைவாத்தான் இருக்கும், வெயிலும் அடங்கியிருக்கும்.

பெங்களூர்காரன் இதப் படிச்சிட்டு "நான் சம்பாதிக்கிறேன், நான் ஏன் காத்திருக்கணும்?"னு கேக்கலாம். நியாயமான கேள்வி. அவனுக்கு அவசரம்னா அவன் சம்பளத்துல இருக்குற ஆபீஸ் நண்பர்களோட இந்த வருஷமே போகட்டும், தப்பே இல்ல. ஆனா கோணத்துக் கேங்க கூட்டிக்கிட்டுப் போகணும்னா, வாத்தியாரோட ஆர்டி முடியிற மாசம் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு தேதி போடட்டும்.

ஒருத்தன் "நான் இந்தத் தடவ வரல"ன்னு சொன்னா அத அங்கேயே விட்டுடுங்க. காரணம் கேட்டு குரூப்புல நோண்ட வேண்டாம். போயிட்டு வந்து மூணு நாள் ஸ்டேட்டஸா போட்டுத் தள்ளவும் வேண்டாம்.

கிரெடிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு எதுல செலவு பண்ணா லாபம்னு கேக்கப் போறீங்க. சுருக்கமா: வெளிநாட்டுல நின்னு இன்டர்நேஷனல் கிரெடிட் கார்டு தேய்ச்சா இப்போதைக்கு டிசிஎஸ் இல்ல, ஆனா பல கார்டுல மார்க்கப் மூணு, மூணரை சதவீதம் வரைக்கும் போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. இத கார்டு வாரியா கணக்குப் போட்டு அடுத்த வீடியோல காட்டுறேன்.